பெரிய நீலன்: அடிநிலத்து எறும்பைத் தெரியாததால் அழிந்த வண்ணத்துப்பூச்சி

பிரிட்டனில் பெரிய நீலன் என்ற வண்ணத்துப்பூச்சி 1979இல் அற்றுப்போனது. யாரும் கவனிக்காமல் விட்டதால் வந்த இழப்பு என்று இதைச் சொல்ல முடியாது. அதைக் காப்பாற்றுவதற்கென்றே 1962இல் ஒரு கூட்டுக் குழு அமைந்திருந்தது. அது பறந்த இடங்களில் சில காப்பிடங்களாகி, வேலியும் போடப்பட்டிருந்தது. 1975இல் அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய காட்டுயிர்ச் சட்டம் ஆறே ஆறு விலங்குகளுக்குத்தான் சிறப்புப் பாதுகாப்பு தந்தது. அந்த ஆறில் இடம்பெற்ற ஒரே பூச்சி இது. சட்டமும் ஆர்வமும் ஆட்களும் இருந்தும், அடுத்த நான்கு ஆண்டுகளில் கடைசிப் பூச்சியும் போய்விட்டது.

பிறகு வெளிநாட்டிலிருந்து அதே இனம் கொண்டுவரப்பட்டது. 2022 கோடையில் ஏறக்குறைய 20,000 பெரிய நீலன்கள் பிரிட்டனில் பறந்ததாகக் கணக்கிட்டார்கள். நடுவில் என்ன புரிந்தது, அதன் பிறகு எது மாறியது என்பதே இந்த ஆய்வின் பொருள். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பூச்சியை நேசித்தவர்கள் எல்லோரும் அதையும் அது முட்டையிடும் பூவையும் பார்த்தார்கள். அது வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிக்கும் எறும்புப் புற்றைப் பற்றி ஓரளவு தெரிந்து வைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் புற்று எந்த எறும்பினுடையது, அந்த எறும்புக்கு என்ன வேண்டும் என்று கேட்க அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

பூச்சியின் ஓராண்டு

நீலன்கள் வண்ணத்துப்பூச்சிகளின் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்று. உலகெங்கும் 5,000க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலும் மிகச் சிறியவை. பெரிய நீலனும் சிறியதுதான். இறக்கையை விரித்தால் நாலு முதல் ஐந்து சென்டிமீட்டர். தன் உறவினர்களுக்கு நடுவே மட்டும் அது பெரிது. மேற்புறம் பளிச்சென்ற நீலம், ஓரங்களில் கருமை, முன்னிறக்கையில் நீண்ட கரும்புள்ளிகள். அடிப்புறம் சாம்பல் பழுப்பு, உடலை ஒட்டிய பகுதியில் நீலப்பச்சைப் பூச்சு. 1758இல் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தார். இன்றைய அறிவியல் பெயர் ஃபெங்காரிஸ் ஏரியான். பழைய கட்டுரைகளில் மாக்குலினியா ஏரியான் என்று இருக்கும்.

வளர்ந்த பூச்சி ஜூன், ஜூலையில் பறக்கும். ஒவ்வொன்றும் சில நாட்களே உயிரோடிருக்கும். அந்த அவசரத்தில் பெண் பூச்சி காட்டுத் தைம் செடியைத் தேடிப் போகிறது. தரையோடு படரும் மணமுள்ள சிறு செடி அது. இன்னும் விரியாத மொட்டுகளுக்கிடையே ஒவ்வொரு முட்டையாக வைக்கிறது. வெப்பமான இடங்களில், சற்றுத் தாமதமாகப் பூக்கும் காட்டு ஓரிகானோவிலும் முட்டையிடும்.

முட்டையிலிருந்து வரும் புழு பூவுக்குள் துளைத்துப் போய் மகரந்தத்தையும் இளம் விதைகளையும் தின்கிறது. ஒரே பூங்கொத்தில் இரண்டு புழுக்கள் இருந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். இரண்டு மூன்று வாரம் இப்படிப் போகும். மூன்று முறை தோலுரித்த பிறகு புழு செடியை மறந்துவிடுகிறது. அப்போது அதன் நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். ஒரு மாலை நேரத்தில் அது செடியிலிருந்து கீழே விழுகிறது. எறும்புகள் இரை தேடி அதிகம் நடமாடும் நேரம் அது.

இனி அது தானாக எங்கும் போகாது. ஓர் எறும்பு வந்து கண்டெடுக்கக் காத்திருக்கும். மிர்மிக்கா என்ற பேரினத்தைச் சேர்ந்த சிறிய செவ்வெறும்பு அதைக் கண்டுகொண்டால், முதலில் தடவிப் பார்க்கும். புழுவின் முதுகில் ஒரு சுரப்பி உண்டு; அதிலிருந்து இனிப்பான துளி வரும். எறும்பு அதை நக்கும். சில நேரம் இந்தச் சந்திப்பு மணிக்கணக்கில் நீளும். கடைசியில் புழு உடலைத் தூக்கி, தலைக்குப் பின்னால் உள்ள பகுதியை உப்ப வைக்கிறது. அந்தத் தோற்றமும் தோலின் வாடையும் சேர்ந்து எறும்பை ஏமாற்றிவிடுகின்றன. தன் புற்றிலிருந்து தவறி வந்துவிட்ட எறும்புப் புழு என்று நினைத்து அதைக் கவ்விக்கொண்டு போய், குஞ்சுகள் வளரும் அறையில் வைக்கிறது.

அப்புறம் நடப்பது கொடூரமானது. உள்ளே போன விருந்தாளி எறும்புப் புழுக்களைத் தின்னத் தொடங்குகிறது. ஏறக்குறைய பத்து மாதம் அங்கேயே தங்கி, நடுவில் குளிர்காலத்தை உறங்கிக் கழித்து, தன் இறுதி எடையில் 98 விழுக்காட்டுக்கும் மேல் அந்த இருட்டில் சேர்த்துக்கொள்கிறது. அதன் உண்ணும் முறையில் ஒரு சிக்கனம் இருக்கிறது. பெரிய எறும்புப் புழுக்களை முதலில் தின்று, சிறியவற்றை வளர விட்டுவிடும். பட்டினி கிடக்கவும் அதற்குத் தெரியும். அப்படியும் ஒரு நீலன் புழு முழுதாக வளர 350க்கும் மேற்பட்ட வேலைக்கார எறும்புகள் கொண்ட புற்று வேண்டும் என்று ஆய்வுகள் கணித்திருக்கின்றன. பல புற்றுகள் அவ்வளவு பெரியவை அல்ல. ஒரே புற்றுக்குள் மூன்று நான்கு நீலன் புழுக்கள் கொண்டுவரப்பட்டால், எறும்புப் புழுக்கள் தீர்ந்து போய் எல்லாமே பட்டினியால் சாகும்.

அடுத்த கோடையின் தொடக்கத்தில் புற்றுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, ஒரு காலை நேரத்தில் இறக்கை சுருண்ட பூச்சியாக வெளியே வருகிறது. அருகிலுள்ள புல்லிலோ குத்துச்செடியிலோ ஏறி இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்ட பிறகுதான் பறக்கும்.

நீலன் குடும்பத்தில் எறும்போடு உறவு வைத்துள்ள இனங்கள் ஏராளம். ஏறக்குறைய முக்கால்வாசி என்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை நேர்மையான கொடுக்கல் வாங்கல் செய்பவை: புழு இனிப்புத் துளி தருகிறது, எறும்பு குளவியையும் சிலந்தியையும் விரட்டுகிறது. அந்த நட்பிலிருந்து பிறந்த மோசடிதான் பெரிய நீலனின் வாழ்க்கை. எறும்பை மயக்கத் தேவையான சுரப்பி அதன் முன்னோர்களிடமே இருந்தது. வாடையும் தந்திரமும் பிறகு சேர்ந்தன.

குற்றம் சாட்டப்பட்டவர்கள்

பிரிட்டனில் இந்தப் பூச்சி 1795இல் முதன்முதலில் பதிவானது. தெற்கிலும் தென்மேற்கிலும்தான் அதன் இருப்பு: காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகள், சாமர்செட்டின் போல்டன் குன்றுகள், டெவன், கார்ன்வால் கடலோரச் சரிவுகள், டார்ட்மூர், இன்னும் கிழக்கே நார்த்தாம்ப்டன்ஷயரில் சில இடங்கள். அன்றும் அது எங்கும் நிறைந்த பூச்சியாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இடம் இடமாகக் காணாமல் போகத் தொடங்கியது.

அரிதான பூச்சி என்றால் சேகரிப்பாளர்கள் சூழ்வார்கள். விக்டோரியா காலத்தில் வலையும் குண்டூசியுமாகத் திரிந்தவர்கள் ஏராளமானவற்றைப் பெட்டிகளில் அடைத்தார்கள் என்பது உண்மை. அதனால் பூச்சி குறையும்போதெல்லாம் பழி சேகரிப்பாளர் மேல் விழுந்தது. பெரும்பான்மையான பழைய இடங்களில் அந்தப் பழிக்கு ஆதாரம் போதாது. ஒரு பெண் பூச்சி நிறைய முட்டை இடக்கூடியது; ஒரு பெரிய கூட்டத்திலிருந்து சிலவற்றைப் பிடித்தால் அது அடுத்த ஆண்டு ஈடுகட்டிக்கொள்ளும். கூட்டம் மிகச் சிறுத்துப்போன பிறகு ஒவ்வொன்றும் முக்கியமாவது வேறு விஷயம்.

ஆனால் எல்லோரும் நம்பியது சேகரிப்பாளர் கதையைத்தான். அதன் விளைவாக எடுத்த நடவடிக்கையும் அதற்கேற்ப இருந்தது: வேலி போடு, ஆளை உள்ளே விடாதே. கார்ன்வால் கடலோரத்தில் இப்படி வேலி போட்டு அடைத்த ஓர் இடத்திலிருந்து பூச்சி கொஞ்ச காலத்தில் மறைந்தே போனது. வேலி சேகரிப்பாளரைத் தடுத்தது, சரி. மாட்டையும் ஆட்டையும் கூட அது தடுத்தது. இந்த இரண்டாவது தடை எவ்வளவு பெரிய காயம் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

அடுத்துச் சந்தேகிக்கப்பட்டது வானிலை. பிறகு பூச்சிக்கொல்லி, காற்று மாசு, சிறு கூட்டங்களில் நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் என்று பட்டியல் நீண்டது. பழைய இடங்களில் பாதியளவு உழுதும் கட்டடம் கட்டியும் அழிக்கப்பட்டுவிட்டதால் அங்கே மர்மம் எதுவுமில்லை. மர்மம் மிச்சமிருந்த பாதியில்தான். அங்கே குன்று அப்படியே இருந்தது, தைம் பூத்தது, செவ்வெறும்பும் ஊர்ந்தது; பூச்சி மட்டும் இல்லை.

பாதி தெரிந்த உண்மை

எறும்புக்கும் இந்தப் பூச்சிக்கும் தொடர்பு உண்டு என்பது புதிதாகக் கண்டுபிடித்த செய்தி அல்ல. தைமிலிருந்து இறங்கிய புழு எங்கே போகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. வளர்ப்பில் அந்தப் புழு எந்தச் செடியைக் கொடுத்தாலும் தின்னாமல் செத்துவிடும். 1915 வாக்கில் தாமஸ் சாப்மன் என்ற பூச்சியியலாளர், ஒரு தைம் செடியை வேரோடு பெயர்த்தபோது எறும்புப் புற்றுக்குள் பெரிய நீலன் புழுவைக் கண்டார். அது எறும்புப் புழுக்களைத் தின்கிறது என்பது அதன் குடலை ஆராய்ந்ததில் தெரிந்தது. அதே காலத்தில் கெண்ட் மாவட்டத்தில் இ.பி. பியூர்ஃபாய், எஃப்.டபிள்யூ. ஃப்ரோஹாக் இருவரும் சேர்ந்து எறும்புகளோடு புழுக்களை வளர்த்துப் பார்த்தார்கள். பியூர்ஃபாய் பாதி வால்நட் ஓடுகளைக் கவிழ்த்து எறும்புகளுக்கு அறையாகத் தந்தார். அந்த ஓட்டை மெல்லத் தூக்கினால் உள்ளே நடப்பது தெரியும். அந்தக் காலத்துக்கு அது அழகான, பொறுமையான வேலை. பெரிய நீலனின் முழு வாழ்க்கைச் சுழற்சி அங்கேதான் முதன்முதலில் மனிதர் கண்ணுக்குப் பட்டது.

ஆனால் அந்த வெற்றியே ஒரு மயக்கத்தைத் தந்தது. ஓடுகளுக்கடியில் எந்த மிர்மிக்கா எறும்பைக் கொடுத்தாலும் நீலன் புழுவைத் தூக்கிக்கொண்டு போனது. ஆகவே, மிர்மிக்கா எறும்பு எதுவாக இருந்தாலும் போதும் என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. காட்டுப் புல்வெளிகளில் மிர்மிக்காவுக்குப் பஞ்சமே இல்லை. அதனால் எறும்பை யாரும் பிரச்சினையாகவே கருதவில்லை. அடுத்த ஐம்பது அறுபது ஆண்டு அந்த அனுமானம் கேள்வி கேட்கப்படாமலே இருந்தது. இந்த நிகழ்வில் எனக்கு மிக வருத்தம் தருவது இந்த இடம்தான். சேகரிப்பாளர் மீது வீண்பழி சுமத்தியதை விடவும் பெரிய பிழை இது. ஏனென்றால் எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நிம்மதியை அது தந்துவிட்டது.

கணக்கெடுத்தவர்

1972இல் ஜெரமி தாமஸ் என்ற இளம் ஆய்வாளர் இந்தப் பூச்சியின் கடைசிக் கூட்டங்களை ஆராயத் தொடங்கினார். அப்போது பிரிட்டன் முழுவதிலும் மிஞ்சியவை சில நூறு பூச்சிகள்தான். தாமஸ் செய்த வேலை கேட்க எளிமையானது. ஒரு கூட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை முட்டை, அவற்றில் எத்தனை பொரிந்தன, எத்தனை புழு தைமைவிட்டு இறங்கின, எத்தனை எறும்புக் கைக்குப் போயின, எத்தனை பூச்சியாக மேலே வந்தன என்று படிப்படியாக எண்ணினார். ஆண்டுக்கு ஆண்டு எந்தப் படியில் சாவு கூடுகிறதோ, கூட்டத்தின் தலைவிதியை அந்தப் படிதான் தீர்மானிக்கும். 1972 தொடங்கி ஆறு ஆண்டு இந்தக் கணக்கு நடந்தது.

முட்டை போதிய அளவு இருந்தது. தைமும் குறையவில்லை. எறும்புகள் புழுக்களைக் கண்டெடுக்கும் படியிலும் பெரிய தட்டுப்பாடு இல்லை. எல்லாச் சாவும் பூமிக்கடியில்தான் குவிந்திருந்தது. இங்கிருந்துதான் வழக்கு திரும்புகிறது.

புற்றுகளைத் தோண்டிப் பார்த்தபோது விஷயம் தெளிவானது. பல மிர்மிக்கா இனங்கள் ஒரே சரிவில் அருகருகே வாழ்கின்றன. எல்லாமே நீலன் புழுவைச் சுமந்து போகின்றன. ஆனால் மிர்மிக்கா சபுலெட்டி என்ற ஒரே இனத்தின் புற்றில்தான் கணிசமான புழுக்கள் பிழைத்தன. மற்ற இனங்களின் புற்றுக்குள் போன புழு கொல்லப்படும் அல்லது மெல்ல ஒதுக்கப்பட்டுச் சாகும். வாசலில் வரவேற்பு எல்லோருக்கும் ஒன்றுதான். உள்ளே பிழைப்பது வேறு கணக்கு. வாசலை மட்டும் பார்த்தவர்களுக்கு இது ஏன் தெரியவில்லை என்பதும் இதிலேயே விளங்கிவிடுகிறது. சபுலெட்டி புற்றிலும் முழு உத்தரவாதம் கிடையாது: ராணி எறும்புகள் உள்ள புற்றில் நீலன் புழுவின் சாவு இன்னும் அதிகம் என்று தாமஸும் சக ஆய்வாளர் வார்ட்லாவும் பின்னாளில் காட்டினார்கள்.

அடுத்த கேள்வி: அப்படியானால் சபுலெட்டி ஏன் குறைந்தது? இந்த எறும்பு வெப்பம் விரும்பும். பிரிட்டனின் குளிர்ச்சியில் அது வாழ வேண்டுமானால் தெற்குப் பார்த்த சரிவும், வெயில் நேரடியாக மண்ணைத் தொடும் குட்டையான புல்லும் வேண்டும். புல் உயரம் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினால் மண் 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் குளிர்ந்துவிடும். அவ்வளவு போதும். சபுலெட்டி பின்வாங்கும், அதன் இடத்தில் மிர்மிக்கா ஸ்காப்ரினோடிஸ் என்ற குளிரைத் தாங்கும் உறவினன் வந்து குடியேறும். மேலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. இரண்டும் செவ்வெறும்புகள், உருப்பெருக்கி இல்லாமல் பிரித்தறிவது கடினம். தைம் இன்னும் பூத்துக்கொண்டிருக்கும். நீலன் பெண் பூச்சியும் வழக்கம்போல அதில் முட்டையிடும். புழுவை ஸ்காப்ரினோடிஸ் தூக்கிக்கொண்டு போய்விடும்.

புல் ஏன் வளர்ந்தது? இரண்டு காரணம், இரண்டும் மனிதர் கையில்தான். குன்றுச் சரிவுகளில் ஆடு மாடு மேய்ப்பது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் லாபமில்லாமல் போய்ப் பலர் கைவிட்டார்கள். மேய்ச்சல் போன இடங்களிலும் முயல்கள் புல்லைக் கடித்துக் குட்டையாக வைத்திருந்தன. பிறகு 1953இல் மிக்ஸோமாட்டோசிஸ் என்ற வைரஸ் நோய் பிரிட்டனுக்குள் வந்தது. முயல்களைத் தொல்லை என்று கருதியவர்களுக்கு அது வரம் போலத் தோன்றியது. நோயுற்ற முயலை வேண்டுமென்றே தம் நிலத்தில் கொண்டுவிட்டவர்களும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளில் நாட்டின் முயல்களில் 95 விழுக்காட்டுக்கும் மேல் செத்தன. சரிவுகளில் புல்லும் புதரும் எழும்பின. பெரிய நீலன் கூட்டங்கள் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வரிசையாகச் சரிந்ததற்குக் காரணம் அதுதான்.

தாமஸ் இதை உணர்ந்து கடைசி இடத்தில் மேய்ச்சலைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னபோது எறும்பு மீளத் தொடங்கியது. ஆனால் பூச்சியின் எண்ணிக்கை மிகச் சிறியதாகிவிட்டிருந்தது. 1975, 1976 இரண்டு கோடைகளும் கடுமையாக வறண்டன. தைம் வாடியது, புற்றுகள் பலவீனமாயின. அந்த அடியிலிருந்து கூட்டம் எழவே இல்லை. நோயைக் கண்டுபிடித்த நேரத்தில் நோயாளி இறந்துகொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

திரும்பக் கொண்டுவந்தது

அழிந்த பிறகு இரண்டு வழி இருந்தது. கைகழுவிவிட்டு அடுத்த இனத்தைக் கவனிக்கலாம். அல்லது காரணம் தெரிந்துவிட்டது, இனி அதைச் சோதித்துப் பார்க்கலாம். தாமஸ் இரண்டாவதைத் தேர்ந்தார். டேவிட் சிம்காக்ஸ், ரால்ஃப் கிளார்க் போன்றவர்கள் அவரோடு நெடுங்காலம் பணியாற்றினார்கள். முதலில் சரிவுகளை ஆயத்தம் செய்தார்கள். புதர் வெட்டினார்கள், கம்பி வேலி கட்டி மாடு, ஆடு, குதிரைகளை மேய விட்டார்கள். வெட்டி மேய்த்த நிலத்தில் சில ஆண்டுகளில் சபுலெட்டி திரும்பிப் பெருகியது. எறும்பு வராமல் பூச்சியைக் கொண்டுவருவதில்லை என்பதே அவர்களின் அடிப்படை விதி. எறும்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் எளிய வேலைதான்: தைம் செடிகளுக்கு அருகில் சிறு இனிப்புத் துணுக்குகளை இரையாக வைத்து, எந்த எறும்பு வருகிறது என்று பிடித்துப் பார்ப்பது. எறும்பு தன் புற்றிலிருந்து அதிக தூரம் போகாது. ஆகவே இரையில் சபுலெட்டி வந்தால் அந்தத் தைமிலிருந்து விழும் புழுவும் அதற்குக் கிடைக்கும்.

பூச்சியை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் யோசனை தேவைப்பட்டது. ஐரோப்பாவில் பல நாடுகளில் இந்த இனம் இருந்தாலும், வெளிவரும் காலம் இங்குள்ள தைம் பூக்கும் காலத்தோடு பொருந்த வேண்டும். சுவீடனின் ஓலாண்ட் தீவுப் பூச்சிகள் பொருத்தமாகத் தெரிந்தன. 1983இல் டார்ட்மூரில் முதல் விடுவிப்பு நடந்தது. இடத்தைப் பகிரங்கப்படுத்தாமல் 'இடம் எக்ஸ்' என்றே குறிப்பிட்டார்கள். சேகரிப்பாளர் பயம் அப்போதும் போகவில்லை. இந்த முறை பயத்துக்கு ஓரளவு நியாயம் இருந்தது, எண்ணிக்கை அவ்வளவு குறைவு.

அதன் பிறகு சாமர்செட்டின் போல்டன் குன்றுகளில் உள்ள கிரீன் டவுன் முதலான இடங்களில் விடுவிப்புகள் நடந்தன. கோலார்ட் ஹில் என்ற இடத்தில் 2000இல் விட்டார்கள். நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளை பராமரிக்கும் இடம் அது, பொதுமக்கள் போய்ப் பார்க்கவும் அனுமதிக்கப்பட்டது. யாரும் பார்க்கக்கூடாது என்று தொடங்கிய வரலாற்றில் இது ஒரு நல்ல திருப்பம். 2009இல் தாமஸ், சிம்காக்ஸ், கிளார்க் மூவரும் சயன்ஸ் இதழில் முழுக் கணக்கையும் வெளியிட்டார்கள். எறும்பின் தேவையை அடிப்படையாகக் கொண்டு எழுப்பிய கணிப்பும், விடுவித்த இடங்களில் உண்மையில் நடந்த வளர்ச்சியும் ஒத்துப்போயின. ஓர் இனத்தைத் திருப்பிக் கொண்டுவருவது தற்செயலாக வென்றதா, புரிதலால் வென்றதா என்று பிரித்துக் காட்டும் சோதனை இது. அதனால்தான் இந்த நிகழ்வு பாடப்புத்தகங்களுக்குள் போய்ச் சேர்ந்தது.

குளூஸ்டர்ஷயரின் ராட்பரோ பொதுநிலத்தில் 2019இல் நடந்தது இதே வழிமுறையின் முதிர்ந்த வடிவம். ஐந்து ஆண்டு ஆயத்தம். எறும்புக் கணக்கெடுப்பு, புதர் அகற்றுதல், தற்காலிக மின்வேலி போட்டு மாடுகளை ஒரு குறிப்பிட்ட பரப்பில் மட்டும் மேய விடுதல். அதன் பின் சுமார் 1,100 புழுக்களை விட்டார்கள். அடுத்த கோடையில் ஏறக்குறைய 750 பூச்சிகள் வெளிவந்தன. அந்த நிலத்தில் சுமார் 150 ஆண்டுகளாக இல்லாத பூச்சி. ஆயத்தத்துக்குச் செலவான நேரம்தான் இதில் என்னைக் கவர்கிறது. பெரிய விழா எதுவும் தேவைப்படவில்லை. சரியான உயரத்தில் புல் வேண்டியிருந்தது.

மேய்ச்சல் நாட்காட்டியும் நுணுக்கமானது. ஆண்டு முழுதும் மாடு நின்றால் தைம் பூவையே தின்றுவிடும். எனவே இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் நன்றாக மேய விட்டு, பூக்கும் காலத்தில் கால்நடைகளை அகற்றிவிடுகிறார்கள். பூச்சி பறந்து முட்டையிட்டு, புழு இறங்கியபின் மீண்டும் மாடு வருகிறது.

இந்த ஒரு பூச்சிக்காக இவ்வளவு உழைப்பு தேவையா என்ற கேள்வி அடிக்கடி எழும். என் பதில், தேவை. காரணம் பூச்சியின் அழகு மட்டுமல்ல. குட்டைப்புல் சரிவு என்பதே மேய்ச்சல் நின்றால் மறையும் வாழிடம். அதைச் சார்ந்த பூச்செடிகளும் பூச்சிகளும் பலவுண்டு. நீலனுக்காகத் திறந்த சரிவுகளில் அவையும் பலன் பெற்றன. இந்தச் சரிவுகளைத் திறந்து வைத்திருக்க ஒரு காரணம் வேண்டுமானால், நீலன் போல எல்லோர் கண்ணையும் ஈர்ப்பது வேறில்லை. அத்துடன், பத்து மாதம் மண்ணுக்குள் மறைந்து வாழும் ஓர் உயிர் எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொள்வதே பெரும் மகிழ்ச்சி என்று நான் கருதுகிறேன்.

உறவினர்கள் சொல்லும் கதை

நெதர்லாந்தில் பெரிய நீலன் 1964இலேயே அற்றுப்போனது. அதே பேரினத்தைச் சேர்ந்த ஃபெங்காரிஸ் டெலியஸ், ஃபெங்காரிஸ் நாசிதௌஸ் ஆகிய இரண்டு இனங்களையும் அந்த நாடு இழந்திருந்தது; போலந்திலிருந்து கொண்டுவந்து 1990இல் மோர்புட்டன் என்ற ஈரப் புல்வெளியில் விட்டார்கள். வாழ்க்கை முறை எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. சில இனங்கள் பெரிய நீலனைப் போலத் தின்று வாழ்கின்றன. அதே பேரினத்தின் அல்கான், ரெபெலி ஆகியவை எறும்புகளிடமே வாய்க்கு வாய் ஊட்டம் வாங்குகின்றன. காக்கைக் கூட்டில் குயில் குஞ்சு வளர்வது போல. பட்டினி வந்தால் எறும்பு தன் குஞ்சை விட்டுவிட்டு இந்தப் பொய்க்குஞ்சுக்கு முதலில் ஊட்டும்.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதற்கு 2009இல் இத்தாலிய, பிரிட்டன் ஆய்வாளர்கள் ரெபெலியில் ஒரு விடை கண்டார்கள். ராணி எறும்பு எழுப்பும் ஒலியைப் போன்ற ஒலியைப் புழுவும் கூட்டுப்புழுவும் எழுப்புகின்றன. அதைக் கேட்ட வேலைக்கார எறும்புகள் அதற்கு ராணி மரியாதை தருகின்றன. இந்த ரெபெலிக்கும் ஓர் எதிரி உண்டு. இக்னியூமன் யூமெரஸ் என்ற குளவி எறும்புப் புற்றுக்குள் நுழைந்து, தன் உடலிலிருந்து வேதிப்பொருட்களை விட்டு எறும்புகளை ஒன்றோடொன்று சண்டையிட வைக்கிறது. அந்தக் குழப்பத்தில் நீலன் புழுவைத் தேடி முட்டையிட்டுவிட்டு வெளியேறுகிறது. ஏமாற்றுக்காரனை ஏமாற்றுபவன். ஒரு சதுர மீட்டர் புல்லுக்கடியில் இத்தனையும் நடக்கிறது.

இப்போது எழும் சிக்கல்

மூன்று சென்டிமீட்டர் என்ற அளவு பிரிட்டனின் எழுபதுகளின் வெப்பத்துக்கு ஏற்ற அளவு. தெற்குப் பிரான்சில் இதே சபுலெட்டி எறும்பு உயரமான புல்லுக்கிடையே வாழ்கிறது. காரணம், அங்கே குட்டைப்புல் மண் அதற்கு அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். பிரிட்டனும் வெப்பமடைந்து வருகிறது. அப்படியானால் மேய்ச்சலின் இலக்கையும் மாற்ற வேண்டியிருக்கும். தெற்குப் பார்த்த சரிவு வறண்டால் கிழக்கு, மேற்குச் சரிவுகளிலும் எறும்பு நிலைக்க இடம் வேண்டும். தைம் சீக்கிரம் வாடினால் பின்னால் பூக்கும் ஓரிகானோ முட்டைக்கு இடம் தரும். எனவே ஒரே மாதிரியான குட்டைப்புல் சரிவை மட்டும் உருவாக்குவதை விட, ஒரே இடத்திலேயே பல திசைச் சரிவும் பல உயரப் புல்லும் இருப்பது நல்லது. ஒரு கோடை சில கூட்டங்களைத் தாக்கினாலும் அருகில் வேறு கூட்டம் மிஞ்சி, அங்கிருந்து பூச்சிகள் பறந்து வந்து சேர வேண்டும். இதனால்தான் சாமர்செட்டிலும் காட்ஸ்வோல்ட்ஸிலும் தனித்தனிச் சரிவுகளைத் தனித்தனியே காப்பதோடு, அவற்றைப் பூச்சி பறந்து கடக்கும் தூரத்தில் இணைக்கும் வேலையும் நடக்கிறது. ஒவ்வொரு பருவத்துக்குப் பின்னும் எறும்புக் கணக்கு எடுத்து, அதற்கேற்ப எந்தச் சரிவில் எத்தனை மாடு எத்தனை நாள் நிற்கலாம் என்று தீர்மானிக்கிறார்கள்.